கொக்கிக்கு அடுத்த காசு

பாண்டீஸ்வரி தன் பத்தொன்பதாவது வயதில் காசு அடிக்கும் முதல் இரும்பு அச்சை வெட்டினாள். அதில் விழுந்த காசில் விக்டோரியா ராணி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காசில் எது வலப்பக்கம் வரவேண்டுமோ அதை அச்சில் இடப்பக்கம் குடைய வேண்டும். கண்ணாடியில் முகம் பார்ப்பது போலத்தான் கணக்கு. பாண்டீஸ்வரி அதைத் தெரிந்துதான் வைத்திருந்தாள். ஆனால் ராணியின் கொண்டை அழகில் மயங்கி, மாதிரிக் காசைப் பார்த்தபடியே அப்படியே இரும்பில் இறக்கிவிட்டாள். பிரஸ் ஓட்டிய ஆசைத்தம்பியும் கவனிக்கவில்லை. இருநூறு காசு அடித்த பிறகுதான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"ஏ புள்ள, ராணி உன்கூடக் கோவிச்சுக்கிட்டு அங்குட்டுத் திரும்பிக்கிட்டா!"

பாண்டீஸ்வரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த இருநூறில் நூற்றுத் தொண்ணூற்று ஒன்பதை உருக்கிவிட்டார்கள். மிச்சம் ஒன்றில் துளை போட்டுப் பட்டறைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டாள். அடுத்த வருடம் ஆசைத்தம்பியையே கட்டிக்கொண்டாள். திரும்பிய ராணிதான் இவர்களைச் சேர்த்துவைத்தாள் என்று காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைவீதிப் பக்கம் இன்றும் கேலி செய்வார்கள்.

இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. அவள் அப்பா கதவு நிலைகளில் யாளியும் பூவும் வெட்டிய மரத்தச்சர். அதே கை இவளுக்கு. என்ன, அவர் ஆள் உயர நிலையில் வெட்டியதை இவள் கட்டைவிரல் நகத்தளவு இரும்பில் வெட்டுகிறாள். லட்சுமிக் காசு, மாங்காய்க் காசு, ராணித் தலைக் காசு எல்லாம் அவள் அச்சுதான். அவள் வெட்டுவாள், ஆசைத்தம்பி அடித்து முலாம் பூசுவான், மாலையாகக் கோத்தால் மதுரைக்கும் போகும், மலேசியாவுக்கும் போகும். கல்யாண மாதங்களில் பட்டறைச் சந்தில் பிரஸ் சத்தத்தில் பேச்சே கேட்காது.

அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அவள் வெட்டும் எந்தத் தலையானாலும் கழுத்துக்குக் கீழே ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி வைத்துவிடுவாள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸ் வைத்தால் தெரியும். "இது நம்ம காசு. தங்கம்னு சொல்லி எவனும் எவனையும் ஏமாத்திரக் கூடாது" என்பாள். புள்ளி வைக்காமல் அடித்துத் தரச் சொல்லி வந்தவர்களை வாசலோடு அனுப்பியிருக்கிறாள். அதனால்தான் போலிக் காசு அடிக்கிற அவளிடம் அசல் தங்கக் காசு மாலைகளையும் நம்பிப் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். காதறுந்த காசுக்குப் புது வளையம் வைப்பது, கோத்த கம்பியை மாற்றுவது போன்ற வேலைகள். கொடுக்கும்போது யாரும் ஒருமுறைக்கு இருமுறை யோசித்ததில்லை.

அந்த நம்பிக்கைக்குத்தான் போன ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் ஆபத்து வந்தது.

வலையபட்டியிலிருந்து மீனாள் ஆச்சி காரில் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அதிர்ந்து பேசாதவர். கூடவே மகள் அழகம்மை. பெங்களூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அவர்கள் வீட்டுக் காசுமாலையில் மொத்தம் ஐம்பத்தொரு காசு. மூத்த மகள் கல்யாணத்துக்கு அதைப் போடுவது வழக்கம். வளையங்கள் எல்லாம் தேய்ந்துவிட்டன என்று திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்தார்கள். புதன்கிழமை பாண்டீஸ்வரி புது வளையம் வைத்துக் கோத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வாங்க ஆச்சி, வாங்க. உக்காருங்க. மாலை நல்லா இருக்கா?"

ஆச்சி உட்காரவில்லை. "அழகம்மை, அதைக் காட்டு" என்றார்.

அழகம்மை கைப்பேசியை நீட்டினாள். முந்தின நாள் மாலையைக் கழுத்தில் போட்டுத் தன்னைத்தானே எடுத்த படம். அதை விரலால் பெரிதாக்கினாள். வரிசையாக ராணித் தலைகள், நடுவில் ஒரே ஒரு வேறு தலை. கண்ணுக்குப் பதில் ஒரு குண்டுமணி, மூக்குக்குப் பதில் ஒரு கோடு. குழந்தை சுவரில் கிறுக்கிய முகம் போல இருந்தது.

"ஐம்பதுதான் ராணிக் காசு இருக்கு. இது யாரு?" என்று கேட்டார் ஆச்சி. "நகைக்கடையில காட்டினோம். தங்கம்தான், ஆனா அரைப் பவுன் காசு இல்லை, அதுல பாதி எடைகூட வராதுங்கிறாக. எங்க அரைப் பவுனை எடுத்துக்கிட்டு, மெல்லிசா ஒண்ணை அடிச்சுக் கோத்துட்டியா பாண்டீஸ்வரி?"

உளி அவள் கையிலிருந்து நழுவி மேசையில் உருண்டது.

"ஆச்சி! நீங்க கொடுத்ததைத்தான் கோத்தேன். அந்தக் காசும் அதுலயேதான் இருந்துச்சு."

"இத்தனை வருஷம் எங்க கண்ணுக்குத் தெரியாம இருந்துச்சாக்கும்?"

"நம்ம காசுன்னா புள்ளி இருக்கும். பார்க்கட்டுமா?" ஆச்சி பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்த மாலையைத் தொடாமல் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தாள். "பாருங்க, புள்ளி இல்லை."

"எடுக்கிறவ புள்ளி வச்சா அடிச்சுக் கோப்பா?"

ஆசைத்தம்பி பிரஸ்ஸை நிறுத்திவிட்டான். சந்தில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. ஆச்சி குரலை உயர்த்தாமலே சொன்னார்: "சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். எங்க காசு வரலேன்னா போலீஸ்தான். எனக்கும் இது பிடிக்கலை."

பாண்டீஸ்வரிக்குப் பயம்தான். போலீஸை நினைத்துக்கூட அல்ல. எல்லாரும் அவளை நம்புவது அந்தப் புள்ளிக்காக. இன்றைக்கு அதுவே செல்லாது என்றால் நாளை ஒரு குண்டுமணித் தங்கத்தைக்கூட யாரும் அந்த வாசலுக்குக் கொண்டுவர மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பயத்திலும் அவள் கண் அந்தக் காசை விட்டு நகரவில்லை. லென்ஸுக்குள் தெரிந்த முகம் அவளை என்னவோ செய்தது. தலையில் மணிகள் கோத்த மகுடம். கழுத்தைச் சுற்றி நெல்தாள் போலக் கோடுகள். ஓரமெங்கும் எழுத்து மாதிரி ஏதோ, ஆனால் எழுத்தே இல்லை, வேலிக்குச்சி நட்டது போல. இதை வெட்டியவனுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது என்று ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்தது. அவளும் அப்படித்தானே? ராணியைச் சுற்றியிருக்கும் எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியாது. கோலம் மாதிரி பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுகிறாள்.

"தங்கச்சி, இந்தக் காசை மட்டும் முன்னும் பின்னும் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடு தாயி. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் அழகம்மையிடம்.

அழகம்மை அம்மாவைப் பார்த்தாள். ஆச்சி அந்தக் காசைத் திருப்பிப் பிடித்தார். படங்கள் வந்தன. கார் போய்விட்டது.

படங்களை உடனே குன்றக்குடி செம்மலைக்கு அனுப்பினாள். செம்மலை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஊரெல்லாம் அவரைக் காசுப் பைத்தியம் என்று சொல்லும். பழைய காசு சேர்க்கிறவர்களின் வாட்ஸப் குழுக்கள் ஏழெட்டில் இருக்கிறார்.

"பின்னாடி சிறகு வச்ச பொம்பளையா? நம்ம பக்கத்துக் காசே இல்லையே" என்று குரல் பதிவு வந்தது. "குரூப்ல போட்டுவிடுறேன். பிள்ளைகளை இறக்கிவிட்டுட்டுக் கூப்பிடுறேன்."

ஆசைத்தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "அது எந்த நாட்டுக் காசா இருந்தா நமக்கென்ன புள்ள? அதை நீ வைக்கலைன்னு எப்படி நிரூபிக்கப்போற? முதல்ல எந்த இடத்துல இருந்துச்சு, அதாச்சும் ஞாபகம் இருக்கா?"

அப்போதுதான் பாண்டீஸ்வரிக்குத் தான் செய்த தப்பு விளங்கியது.

மாலையைப் பிரிக்கும்போது தங்க வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு காசையும் வரிசை மாறாமல் பலகையில் அடுக்குவார்கள். பாண்டீஸ்வரி ஐம்பத்தொன்றையும் கழற்றி ஒரு சில்வர் கிண்ணத்தில் போட்டாள். இருபது வருடமாக அச்சுக் காசிலேயே புழங்கிய கை. ஒரே அச்சில் விழுந்த காசுகளில் எது முதலில் வந்தால் என்ன, எது கடைசியில் வந்தால் என்ன? அதே ஞாபகத்தில் கைக்கு வந்தபடி எடுத்துக் கோத்திருக்கிறாள். அந்த வேற்று முகம் வரும்போதும் 'இது ஒண்ணு வேற மாதிரி இருக்கே' என்று நினைத்தாள்தான். பிரஸ்ஸில் அவசர வேலை கிடந்தது. கோத்துவிட்டாள். எங்கேயோ ஒளிந்து கிடந்த காசு அப்படித்தான் நெஞ்சுக்கு நேராக வந்து உட்கார்ந்திருக்கிறது.

"ஒளிஞ்சுதான் இருந்திருக்கு!" என்று துள்ளி எழுந்தாள். "யாரும் பார்க்காத இடத்துல. அதான் அவுகளுக்கே தெரியலை. வண்டியை எடுங்க!"

"எங்குட்டு?"

"வலையபட்டிக்கு. அந்தக் காசைச் சுத்தி முறுக்குக் கம்பி வச்சிருந்துச்சு, பார்த்தீகளா?"

அவன் பார்க்கவில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க அவன் காதில் கத்திக்கொண்டே வந்தாள். அந்தக் காசு அரைப் பவுனைவிடச் சின்னது. அளவு சமமாக வரட்டும் என்று முன்னால் யாரோ ஒரு நகைப் பத்தர் அதைச் சுற்றி முறுக்கிய தங்கக் கம்பியால் ஒரு வட்டம் கட்டியிருக்கிறார். முறுக்குக் கம்பி என்றால் அரம் மாதிரி. காசுமாலையில் ஒரு காசின்மேல் இன்னொன்று லேசாக ஏறித்தான் கிடக்கும். எத்தனையோ வருடம் உரசியிருந்தால் பக்கத்துக் காசில் பல் பதிந்திருக்கும்.

"நேத்து வச்ச காசுன்னா பல் பதியுமா?" என்று கேட்டாள்.

"பதியாது!" என்று கத்தினான் ஆசைத்தம்பி. வண்டி பறந்தது.

ஆச்சி வீட்டு முகப்பில் வெள்ளைக்காரச் சலவைக்கல், உள்ளே ஆத்தங்குடிக் கல். கூடத்தில் கல்யாண வேலையாகப் பாத்திரங்கள் பரப்பிக் கிடந்தன. பாண்டீஸ்வரி கைகூப்பினாள்.

"ஆச்சி, மாலையை நான் எடுத்துட்டுப் போகலை. உங்க கண்ணு முன்னாடியே, உங்க வீட்டுத் தரையிலேயே பிரிக்கிறேன். ஒரு மணி நேரம் கொடுங்க. அப்புறம் நீங்க யாரைக் கூப்பிட்டாலும் நான் இங்கேயே இருக்கேன்."

ஆச்சி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு அழகம்மையிடம் ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து விரிக்கச் சொன்னார்.

ஐம்பது ராணிகளும் ஐந்து வரிசையாக வேட்டியில் படுத்தார்கள். பாண்டீஸ்வரி முழங்காலில் நின்று லென்ஸோடு ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்றில் கன்னம் தேய்ந்திருந்தது, ஒன்றில் மூக்கு மழுங்கியிருந்தது. எல்லாம் மொழுமொழுவென்ற தேய்மானம், அரைப் பவுன் அரைப் பவுனோடு உரசியது. இருபது ஆயிற்று. முப்பது ஆயிற்று. ஆசைத்தம்பி தூணோரம் நின்று நகத்தைக் கடித்தான். நாற்பத்து மூன்றாவது காசில் அவள் கை நின்றது.

"தங்கச்சி, இங்கே வா! இந்த ராணி கன்னத்தைப் பாரு!"

அழகம்மை கைப்பேசியைக் கிட்டே கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பெரிதாக்கினாள். ராணியின் கன்னத்திலிருந்து கழுத்துவரை பிறை போல ஒரு வளைவு. அந்த வளைவு முழுக்கப் பொடிப்பொடியாகப் பல்தடம். பாண்டீஸ்வரி முறுக்குக் கம்பிக் காசை அதன்மேல் வைத்து மெல்லத் திருப்பினாள். ஒரு இடத்தில் பல்லோடு பல் பொருந்திச் சின்னதாக ஒரு 'டிக்' கேட்டது.

"அம்மா, பொருந்துதும்மா!" என்றாள் அழகம்மை.

ஆச்சி அசையவில்லை. "கீறல் எதுல வேணா விழும். ஒரு காசை வச்சு எப்படி நம்புறது? அதுக்கு அந்தப் பக்கம் இருந்த காசு எங்கே?"

நியாயமான கேள்வி. மிச்சம் ஏழு காசையும் பார்த்தாள். ஒன்றிலும் பல்தடம் இல்லை. வரிசையின் ஆரம்பத்திலிருந்து மறுபடியும் பார்த்தாள். இல்லவே இல்லை. காசுக்கு ஒரு பக்கம் ஒரு ராணி, மறுபக்கம் வெறும் காற்றா? வேர்வை லென்ஸில் சொட்டியது. துடைக்க முந்தானையை எடுத்தபோதுதான் வேட்டி ஓரத்தில் தனியாகக் கிடந்த கொக்கி கண்ணில் பட்டது.

மாலையைக் கழுத்துக்குப் பின்னால் மாட்டுகிற தட்டையான பழைய கொக்கி. அது நன்றாக இருந்ததால் அவள் மாற்றவில்லை, தேய்த்துப் பளபளப்பாக்கவும் இல்லை. எடுத்துக் குப்புறத் திருப்பினாள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதையே மறந்து "ஐயோ!" என்று கூவிவிட்டாள்.

கொக்கியின் அடிப்பக்கத்தில் அதே பிறை, அதே பல்.

"அந்தப் பக்கம் காசே இல்லை ஆச்சி! கொக்கிதான்! கொக்கிக்கு அடுத்த காசு இது. முன்னாடி இருந்தவுக ஒரு காசு குறைஞ்சதுன்னு இதைப் பின்கழுத்துல, முடிக்குள்ள மறைச்சுக் கோத்திருக்காக. நான்தான் கிண்ணத்துல போட்டுக் கலைச்சு நடுவுல கொண்டாந்துட்டேன். தப்பு என்னோடதுதான். ஆனா அது திருட்டுத் தப்பு இல்லை ஆச்சி."

மீனாள் ஆச்சியின் கை மெதுவாக எழுந்து அவர் பின்கழுத்தைத் தொட்டது.

"இங்ஙனதான்" என்றார். "என் கல்யாணத்தன்னைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இந்த இடத்துல ஏதோ அறுத்துக்கிட்டே இருந்துச்சு. மாலையைக் கழட்டுனா வரி வரியாச் சிவந்து கிடக்கு. கொக்கி குத்துதுன்னு நினைச்சேன்." அவர் குனிந்து முறுக்குக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். "இந்தப் பயலா அது!"

ஆசைத்தம்பி தூணைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டான். சரியாக அந்த நேரம் பாண்டீஸ்வரியின் போன் அடித்தது. செம்மலை. ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏத்தா, அந்தக் காசு பத்திரமா இருக்கா? யாரும் புளி போட்டு விளக்கிறாதீக!" மூச்சு வாங்கியது அவருக்கு. "குரூப்ல ஒரு பேராசிரியர் துள்ளிக் குதிக்கிறாரு. நேர்ல பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியுமாம். ஆனா பார்வைக்கு லம்பார்டு காசு மாதிரியே இருக்குங்கிறாரு. ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு வருஷத்துப் பழசு!"

"லம்பார்டுன்னா யாரு?" என்றாள் அழகம்மை.

"இத்தாலியைப் பிடிச்சு ஆண்ட ஒரு கூட்டம்மா. வந்த புதுசுல அவுகளுக்குன்னு சொந்தக் காசு கிடையாது. கிழக்கே பைசாந்தியம்னு பெரிய ராஜ்யம். அந்த ராஜா தலை போட்ட தங்கக் காசுன்னாத்தான் ஜனங்க நம்பி வாங்குவாக. அதனால இவுக என்ன பண்ணுனாக, அந்த ராஜா தலையையும் பேரையும் பார்த்துப் பார்த்து அப்படியே அடிச்சுக்கிட்டாக. எதிரி ராஜா தலையை!"

"அப்ப இது போலியா?" என்று கேட்டார் ஆச்சி.

"போலிதான் ஆச்சி. ஆனா தங்கத்துல அடிச்ச போலி. இதைத் தேடி அலையிறவுக இருக்காக. அசல் எப்படி இருக்கும்னு ஒரு படம் அனுப்பியிருக்கேன், பாருங்க."

அந்தப் படத்தையும் ஆச்சி வீட்டுக் காசின் படத்தையும் அருகருகே வைத்தார்கள். பைசாந்தியக் காசின் பின்புறம் சிறகுள்ள பெண் ஒருத்தி ஒரு கையில் மாலையும் மறு கையில் சிலுவை வைத்த உருண்டையும் பிடித்திருந்தாள். மடிப்பு மடிப்பாகப் புடவை போல உடுப்பு. லம்பார்டுக் காசில் அவளே குச்சிக் கை, குச்சிக் காலோடு நின்றாள். பாண்டீஸ்வரி இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டென்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன புள்ள, என்ன?"

"கையைப் பாருங்க! மாலை இந்தக் கையில, உருண்டை அந்தக் கையில. மாத்தி வச்சுட்டான்! காசைப் பார்த்தபடியே அப்படியே அச்சுல இறக்கிட்டான்!"

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி அதில் தொங்கிய காசை லம்பார்டுக் காசுக்குப் பக்கத்தில் வைத்தாள். எதிர்ப்பக்கம் பார்த்த ராணியும் கைமாறிய சிறகுக்காரியும் ஒரே வேட்டியில் கிடந்தார்கள். ஆசைத்தம்பி அந்த இருநூறு காசின் கதையைச் சொல்ல, மீனாள் ஆச்சி காலையிலிருந்து முதன்முறையாகச் சிரித்தார். கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தார்.

"கடல் தாண்டி, இத்தனை வருஷத்துக்கு முந்தி, உனக்கு ஒரு கூட்டாளி இருந்திருக்கான் பாரு" என்றார். பிறகு சிரிப்பு அடங்கி, அவள் கையைப் பிடித்தார். "காலையில சந்துல நாலு பேர் கேட்கப் பேசிப்புட்டேன். நாளைக்கு அதே சந்துல வந்து நின்னு பேசுறேன்."

அந்தக் காசு எப்படி வலையபட்டிக்கு வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. முகப்புச் சலவைக்கல் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது என்பது மட்டும் தெரியும். கல்லோடு வந்ததா, பர்மாவில் யாரிடமாவது வாங்கியதா, ஆளுக்கொன்று சொன்னார்கள். அதைக் கல்யாணம் முடிந்ததும் சென்னை அருங்காட்சியகத்தில் காட்டுவது, அதுவரை யார் கழுத்திலும் உரச விடுவதில்லை என்று முடிவாயிற்று.

"அப்ப ஞாயித்துக்கிழமை ஐம்பது காசுதானா?" அழகம்மை முகம் சுருங்கினாள்.

ஆச்சி லம்பார்டுக் காசை எடுத்துப் பாண்டீஸ்வரியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் கொடு. தங்கம் தாரேன். பார்த்து வெட்ட இதை வச்சுக்க."

"ஆச்சி, எடை போட்டுக் கொடுங்க. எழுதி வாங்கிக்குங்க."

"போ புள்ள, வேலையைப் பாரு."

வெள்ளிக்கிழமை காலை ஆச்சி சொன்னபடியே சந்துக்கு வந்து, கடை கடையாக நின்று, தான் பேசியது தவறு என்று சொல்லிவிட்டுப் போனார். அது காதில் விழுந்தும் பாண்டீஸ்வரி நிமிரவில்லை. அவள் இரும்போடு இருந்தாள்.

இவ்வளவு கஷ்டமான அச்சை அவள் வெட்டியதில்லை. அழகாக வெட்டக் கை துடித்தது. அந்தக் குண்டுமணிக் கண்ணுக்கு இமை வைத்துவிடலாம், குச்சிக் கையைச் சரியாக்கலாம். இரண்டு முறை உளியை வைத்து எடுத்துவிட்டாள். அவன் எப்படி வெட்டினானோ அப்படியே வரவேண்டும். அவன் தப்பும் வரவேண்டும். அதற்கு அவள் ஒவ்வொரு கோட்டையும் சரியாகத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. வேலிக்குச்சி எழுத்தை வெட்டும்போது அவன் எங்கே தயங்கினான், எங்கே அலுத்துப்போய் அவசரப்பட்டான் என்பதுகூடத் தெரிந்தது.

சனிக்கிழமை மதியம் ஆசைத்தம்பி பிரஸ்ஸை இறக்கினான். தங்கக் காசு தட்டில் விழுந்தது. சிறகுக்காரி மாலையை மாற்றுக்கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தத் தடவைதான் புள்ள, தப்பைச் சரியாப் பண்ணியிருக்கே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் முடிந்து பந்தியில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது பாண்டீஸ்வரியின் போனுக்கு ஒரு படம் வந்தது. மணப்பெண் அழகம்மை, கழுத்தில் ஐம்பத்தொரு காசு மாலை. புதுக் காசைக் கொக்கியோரம் வைக்க விடாமல், நடுவில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கோக்க வைத்திருந்தாள். பாண்டீஸ்வரி பாயசக் கையை இலையில் துடைத்துவிட்டு, இடக்கை விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மகுடம், குண்டுமணிக் கண், நெல்தாள் கோடுகள். இன்னும் பெரிதாக்கினாள்.

கழுத்துக்குக் கீழே அவள் புள்ளி இருந்தது.